உஷார்! உங்கள் டேங்கில் இருப்பது பழைய பெட்ரோல் இல்லை!

உங்கள் வீட்டில் 2023-க்கு முன்னால் வாங்கிய ஸ்கூட்டரோ, பைக்கோ, காரோ நிற்கிறதா? நின்றால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் சொல்லுங்கள்.

பங்கில் போய் "இருநூறு ரூபாய்க்குப் போடுப்பா" என்கிறோம். முன்பு போட்ட பெட்ரோல்தான் வருகிறது என்று நினைக்கிறோம்.

இல்லை!

இன்றைக்குக் குழாயில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வடித்தெடுக்கிற எரிசாராயம். நூற்றுக்கு இருபது கலப்பதால் இதற்கு இ20 என்று பெயர். 2030-க்குள் கொண்டுவரலாம் என்று முதலில் போட்ட திட்டம். 2022-ல் அதை 2025-26 என்று முன்னால் இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒரு சில பங்குகளில் ஆரம்பித்தது, இரண்டே வருஷத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சாதாரண பெட்ரோல் என்று கேட்டாலும் ஊற்றுவது இதைத்தான்.

உங்களை யாராவது கேட்டார்களா? உங்கள் பழைய வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று யாராவது சொன்னார்களா?

நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. கச்சா எண்ணெய்க்குக் கொட்டுகிற அந்நியச் செலாவணி மிச்சமாகும், புகை குறையும், கரும்பு விவசாயிக்குப் பாக்கி சீக்கிரம் கைக்கு வரும் என்பதெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் பூமிக்கு நல்லது என்று போடுகிற எரிபொருளில் ஒரு வீட்டுப் பெண் நடுரோட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது இல்லையா?

மாட்டிக்கொண்டார். கேளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு டீச்சர். 2014-ல் வாங்கிய ஸ்கூட்டர், கார்ப்பரேட்டர் வண்டி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மழைக்காலத்தில் ஊருக்குப் போனவர் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினார். அதுவரை வண்டி வாசலில் நின்றது. மேலே கவர் போட்டிருந்தார், ஆனால் டேங்க் மூடியின் ரப்பர் எப்போதோ வெடித்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது. டேங்கில் பாதிக்கும் குறைவாகத்தான் பெட்ரோல்.

திரும்பி வந்த மறுநாள் காலை. ஸ்டார்ட் ஆகவே இல்லை. சோக் போட்டு, கிக்கரை உதைத்து உதைத்து ஒரு வழியாகக் கிளப்பினார். மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். தெருவில் நன்றாகத்தான் ஓடியது. மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறியது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வேகம் இறங்கியது. பாலத்தின் உச்சியில் பட்டென்று நின்றுவிட்டது. பின்னால் லாரி!

லாரி ஓட்டுநர் பிரேக் அடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த ஓட்டுநர் நன்றாக இருக்கட்டும்.

மெக்கானிக் டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்கிக் காட்டினாராம். மேலே மஞ்சளாகப் பெட்ரோல். அடியில் கலங்கலாக இன்னொரு அடுக்கு. அதோடு முடியவில்லை. டேங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் உப்பி, தொட்டால் கையில் ஒட்டியது. அதன் முனையில் பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நடுரோட்டில் நின்றதைவிட எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது அந்தச் சொட்டுதான்.

ஏன் இப்படி ஆகிறது? புரிந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும்.

பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. எத்தனால் அப்படி இல்லை, தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட விடாது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதுவரை வண்டிக்கு ஒன்றும் தெரியாது. அளவு தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். முன்பெல்லாம் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் அந்தத் தண்ணீர் மட்டும்தான் அடியில் நிற்கும். இப்போது அது எரிசாராயத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்குகிறது, அதனால் அடியில் நிற்பது பல மடங்கு. இன்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதோ அந்த அடியிலிருந்துதான்!

ரப்பர் கதை வேறு. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய வண்டிகளில் போட்ட ரப்பர் குழாய், கேஸ்கெட், சீல் எல்லாம் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்தவை இல்லை. உப்பும், இளகும், பிறகு வெடிக்கும். பழைய டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடையும் இது கழுவிக்கொண்டு வரும். ஃபில்டர் அடைக்கும்.

மூன்றாவது, சக்தி. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. போதாததற்கு அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சென்சார் வைத்த புது வண்டி அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காற்று கூடி, எரிபொருள் குறைந்து, வண்டி திணறும், சூடாகும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? நம் நாட்டில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அவற்றை வைத்திருப்பவர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வாங்கிய இருசக்கர வண்டி என்றால் பெரும்பாலும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன், நடுத்தரக் கவலை. அதற்கும் முந்தைய கார்ப்பரேட்டர் வண்டியா? உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், கடையில் வைத்திருக்கும் சின்ன ஜெனரேட்டர், இவற்றையும் மறந்துவிடாதீர்கள். அவற்றின் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோல் கிடக்கிறது.

அரசு என்ன சொல்கிறது? பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டிச் சோதித்துவிட்டோம் என்றது. ஆனால் அதே விளக்கத்தை நிதானமாகப் படியுங்கள். இ20-க்குச் சரிசெய்த வண்டிகளில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையலாம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்கிறது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிவரலாம் என்கிறது. செலவு குறைவுதான், சர்வீஸின்போது மாற்றிக்கொள்ளலாம் என்கிறது.

சரி, செலவு குறைவு. மாற்ற வேண்டும் என்று அந்த டீச்சருக்கு யார் சொன்னது?

சாலையில் ஓட்டிச் சோதித்த வண்டி வேறு. ஐப்பசி மழையில் மூன்று வாரம் நின்ற வண்டி வேறு.

மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிற குடும்பத்துக்கு 6 சதவீத இழப்பு என்றால், அதே தூரம் ஓட 190 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 2,300 ரூபாய் பக்கம். மைலேஜ் குறைவதை ஈடுகட்ட விலையைக் குறைக்க வேண்டும் என்று 2021-ல் நிதி ஆயோக்கின் அறிக்கையே சொன்னது. விலை குறைந்ததா? நீங்களே பார்க்கிறீர்கள்.

இப்போது அறிகுறிகள். கவனமாகப் படியுங்கள்.

பெட்ரோல் வாடை! வண்டிப் பக்கத்தில் போனதும், நிறுத்தி வைத்த இடத்தில், வீட்டு வராந்தாவில் வாடை வருகிறதா? ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சுவிட்ச் போடாதீர்கள், அந்தப் பக்கம் அகல்விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மற்ற அறிகுறிகளுக்கு நாளை வரை பொறுக்கலாம். இதற்குப் பொறுக்கக் கூடாது.

காலையில் கிளப்ப நேரம் ஆகிறது. சிக்னலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்துபோகிறது. மேடு ஏறும்போது இழுவை இல்லை. முந்திப் போக முறுக்கினால் ஒரு கணம் வெற்றாகப் போய்ப் பிறகு பிடிக்கிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் ஃபில்டரையும் கார்ப்பரேட்டர் ஜெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள்: கொழகொழ என்றிருந்தாலும் ஆபத்து, விறைத்து வெடிப்பு விட்டிருந்தாலும் ஆபத்து. மைலேஜ் ஐந்தாறு சதவீதம் குறைந்தால் அது எத்தனாலின் கணக்கு. லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டி திடீரென்று முப்பத்தைந்து கொடுக்கிறதென்றால் அது எத்தனால் மட்டும் இல்லை, வேறு கோளாறு இருக்கிறது. "எல்லாம் இந்தப் பெட்ரோலால்தான்" என்று விட்டுவிடாதீர்கள்!

மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்பவர் மூடிமேல் நேராகப் பீய்ச்சினால் தடுங்கள். வண்டியை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்களா? அரைகுறை டேங்கோடு விடாதீர்கள். உள்ளே வெற்றிடம் அதிகம் இருந்தால் ஈரக்காற்றும் அதிகம். வெள்ளம் சூழ்ந்த பங்கில் தண்ணீர் வடிந்த மறுநாளே போய்ப் போடாதீர்கள். நிலத்தடி டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் அங்கேயும் இதே பிரிவுதான் நடக்கும். தண்ணீர் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. இதைச் சொல்லும்போதே எனக்குப் படபடக்கிறது.

பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்துக் காட்டும் வீடியோக்கள் போனில் சுற்றுகின்றன. அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே கேனில் செய்து, மேலே நிற்பதை "சுத்தமான பெட்ரோல்" என்று வண்டிக்கு ஊற்றுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம்!

பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு படர்ந்து சமையலறை வரைக்கும் போகும். ஒரு பொறி போதும். சரி, தீப்பிடிக்கவில்லை என்றே வையுங்கள். ஆக்டேனை உயர்த்துவதே அந்த எத்தனால்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். இன்ஜின் தட்டும், பிஸ்டனுக்குக் கேடு. மகன் மொட்டைமாடியில் கேனும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தால் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வாருங்கள்.

எதையோ ஒரு சின்ன பாட்டிலில் அடைத்து "இதை ஊற்றினால் எத்தனால் போய்விடும்" என்று விற்றால் வாங்காதீர்கள். போட்டதும் எத்தனாலை மாயமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

இன்ஷூரன்ஸ்? இ20 போட்டால் பாலிசி செல்லாது என்று பரவியது வதந்தி, செல்லும் என்று அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பாலிசி செல்வது வேறு, பணம் வருவது வேறு. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் சாதாரண வாகனப் பாலிசி எப்போதுமே பணம் தராது. ரப்பர் உப்பியது, ஃபியூல் பம்ப் போனது என்று போய் நின்றால் கைவிரிப்பார்கள். அந்தச் செலவு நம் தலையில்தான்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை விற்கும் பம்பில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஒட்டியாக வேண்டும். 2001-லும் அதற்குப் பிறகும் வந்த கார்களுக்குத்தான், மற்ற வண்டிகளுக்குப் போடாதே என்று அதில் இருக்கும். பிரிட்டனில் 2021-ல் 10 சதவீதத்துக்கு மாறியபோது பழைய வண்டிகளுக்காக 5 சதவீதப் பெட்ரோலையும் தனிக் குழாயில் விட்டுவைத்தார்கள். பிரேசில் நம்மைவிட அதிகம் கலக்கிறது, உண்மை. அங்கே எந்தக் கலவையையும் தாங்கும் வண்டிகள் 2003-லிருந்தே ஓடுகின்றன. நம் ஊரிலும் எந்த அளவு எத்தனாலைத் தாங்கும் என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என 2021 மார்ச்சிலேயே விதி போட்டார்கள். அது புது வண்டிக்கு. பழைய வண்டிக்காரர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? பங்கில் எங்கோ ஒரு மூலையில், டேங்கில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளவும் என்று பொடி எழுத்தில் நோட்டீஸ் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற கூட்டத்தில் யார் படிக்கிறார்கள்? எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி மனு தள்ளுபடியானது.

இவ்வளவு கஷ்டமும் எதற்கு? கார்பன் குறையும் என்றுதானே. அங்கேயும் உஷாராக இருங்கள்!

கரும்பு எத்தனாலால் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனாலால் 50 சதவீதமும் கார்பன் குறையும் என்று நிதி ஆயோக் ஆய்வைக் காட்டுகிறார்கள். இந்த எண்ணை நம்பும் முன், கலிஃபோர்னியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஆணையிட, 2009-ல் ஏற்று, 2011-ல் நடைமுறைக்கு வந்தது அங்கே குறைந்த கார்பன் எரிபொருள் விதி. எத்தனை சதவீதம் கலந்தாய் என்று அது கேட்காது. வயலில் உரம் போட்டதிலிருந்து, வடிக்க எரித்த நிலக்கரியிலிருந்து, லாரியில் ஏற்றி வந்தது வரை ஒவ்வொரு எரிபொருளுக்கும் கணக்குக் கேட்கும். எரிபொருளுக்காக மக்காச்சோளம் போய்விட்டால் இன்னொரு இடத்தில் காட்டை வெட்டிப் பயிர் செய்வார்களே, அந்தப் பாவத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அதில்தான் பெரிய சண்டை. அந்த ஒரு இனத்துக்கு மட்டும் மக்காச்சோள எத்தனால்மீது ஒரு மெகாஜூல் எரிசக்திக்கு 30 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று முதலில் ஏற்றினார்கள், 2015-ல் ஏறத்தாழ 20 ஆகக் குறைத்தார்கள். பெட்ரோலின் மொத்தக் கணக்கே 100 கிராம் அளவுதான். அப்படியானால் கணக்குப் போடும் விதத்தில் எவ்வளவு மாறிவிடுகிறது பாருங்கள்! 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு, காடழிப்பையும் சேர்த்தால் மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட மோசம் என்றது. பலர் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

நம் நாட்டில் அந்தச் சண்டையே ஆரம்பிக்கவில்லை. இங்கே அளவு மட்டும்தான் இலக்கு: 20 சதவீதம். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து கரும்புச்சக்கையை எரித்து வடித்த லிட்டரும் ஒன்றுதான். இறைத்த நீரில் விளைந்த தானியத்தை நிலக்கரி எரித்து வடித்த லிட்டரும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே "பசுமை" முத்திரை.

தண்ணீர்? சர்க்கரை வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. 2023-ல் மழை பொய்த்தபோது, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு டிசம்பரில் அரசே கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. பிறகு தானியத்தின் பக்கம் திரும்பினார்கள். உணவுக் கழகக் கிடங்கிலிருந்து 2024-25-க்கு 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் இறக்குமதி செய்தது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தீவன விலை என்ன என்று சொல்வார்கள். கோழி தின்பதும் மக்காச்சோளம்தான். முட்டை வாங்குவது நாம்தான். பஞ்சாபில் ஃபிரோஸ்பூர் மாவட்டம் ஜீராவில், எத்தனால் ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று 2022 ஜூலையிலிருந்து மாதக்கணக்கில் மக்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் ஆலையை மூட முதல்வர் உத்தரவிட்டார்.

இ20-தான் 2026 அக்டோபர் 31 வரை என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்பது அடுத்த பேச்சு. 27, 30 என்றெல்லாம் காதில் விழுகிறது. அது வருவதற்கு முன்னால் பம்பில் பெரிய எழுத்தில் சதவீதம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பழைய வண்டிக்குத் தனிக் குழாய் கேளுங்கள். லிட்டருக்கு லிட்டர் கார்பன் கணக்குக் கேளுங்கள். உங்கள் வண்டி மாடல் எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அடுத்த சர்வீஸில் ரப்பர் குழாய், கேஸ்கெட், டேங்க் மூடி ரப்பர் மூன்றையும் மாற்றச் சொல்லி, மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.